கணினியின் நினைவகம் எங்கே போயிற்று?

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தோட்டப்புறங்களிலும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் பகுதிகளிலும் நம்மில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காக மடிக்கணினி வாங்கினோம். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 என்னும் இயக்க முறையில் ஓடின. அதற்கான இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆகவே பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். மாறியபின், "நினைவகம் குறைந்துவிட்டது, கணினி நகரவே மாட்டேன் என்கிறது" என்ற குறை எழுகிறது.

உடனே புதுக் கணினி வாங்க ஓட வேண்டாம். 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. ஒரு மாத உழைப்பை அப்படியே கொடுத்துவிடுமுன் காரணத்தை அறிவோம்.

நினைவகம் வேறு, சேமிப்பு இடம் வேறு. பிள்ளையின் புத்தக அலமாரி சேமிப்பு இடம். புத்தகத்தை விரித்துப் படிக்கும் மேசைதான் நினைவகம். மேசை சிறிதானால் வேலை தடைப்படும்.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்ற வரிசையில் சென்று 'இன்ஸ்டால்டு ரேம்' என்ற வரியைப் பார்ப்போம். பொருத்திய அளவும் பயன்படும் அளவும் அங்கே தெரியும். 8 ஜிகாபைட்டில் 7.7 பயன்படுவது குறையல்ல; திரையில் படம் காட்டும் பகுதி சிறிது எடுத்துக்கொள்கிறது.

எட்டில் நான்குதான் பயன்படுகிறது என்றால் கோளாறு உண்டு. தேடும் பெட்டியில் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' என்று தட்டி, 'பூட்' பகுதியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறப்போம். அங்கே 'மேக்ஸிமம் மெமரி' என்பதில் குறி இருந்தால் எடுத்துவிட்டு, கணினியை மீண்டும் தொடங்குவோம். அப்படியும் சரியாகாவிட்டால், நினைவகத் தகடு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். அதைக் கழற்றித் துடைத்துப் பொருத்துவது பழுது பார்ப்பவருக்குச் சிறிய வேலை.

பயன்படும் அளவு சரியாக இருந்தும் மெதுவாக ஓடினால், மேசையை யாரோ நிறைத்திருக்கிறார்கள் என்று பொருள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால், எந்தச் செயலி எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று தெரியும். கணினி திறந்ததும் தானாக ஓடும் தேவையற்ற செயலிகளை அங்கேயே நிறுத்தலாம். புதுப்பித்த முதல் சில நாட்களில் கணினி உள்ளுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதால் சற்றுப் பொறுக்கவும் வேண்டும். வெறுமனே அணைத்துத் திறப்பதைவிட, 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே முழுமையான புதுத் தொடக்கம்.

அலமாரி நிறைந்திருந்தால் அது வேறு கதை. பழைய விண்டோஸின் நகல் அதில் தங்கியிருக்கும். பொதுவாக 10 நாளில் தானே நீங்கிவிடும்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் வேண்டும். அவ்வளவே இருந்தால் நெருக்கடிதான். கூடுதல் நினைவகம் வாங்குவதாயின், "இந்தக் கணினியில் தகடு சேர்க்க இடமுண்டா?" என்று கடைக்காரரைக் கேட்டபின் பணம் கொடுப்போம். சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டியே வரும். அவற்றில் சேர்க்க முடியாது.

அந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, கடைக்குக் கையோடு எடுத்துச் செல்வோம். எண் தெரிந்து கேட்பவரிடம் தேவையற்ற செலவைச் சொல்வது எளிதன்று.