தொலைவிலிருந்து வரும் கோப்பை நம்பலாமா?

மதிப்பெண் பட்டியல் முதல் மருத்துவமனை அறிக்கை வரை எல்லாம் இன்று கணிப்பொறியில் கோப்புகளாக அடங்கிவிட்டன. ஓர் ஊரிலுள்ள கணிப்பொறியின் கோப்பை வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறிக்கு நொடியில் நகல் எடுத்துவிடுகிறோம். இவ்வசதியைத் தரும் நிரல்களில் ஆபத்தும் ஒளிந்திருந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பெர்க்லியில் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'ஆர்.சி.பி.' என்னும் நகலெடுக்கும் நிரல் இடம்பெற்றது. அக்காலத்தில் வலையில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே. ஆகவே, ஒரு கணிப்பொறியின் பெயர் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் போதும், கடவுச்சொல் கேட்கப்படாது. கோப்பும் அஞ்சலட்டையைப் போல் மறைப்பின்றியே சென்றது.

இந்நம்பிக்கைக்கு விரைவில் சோதனை வந்தது. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் ஏவிய 'புழு' நிரல், வேறு வழிகளோடு இத்தகைய நம்பிக்கைப் பட்டியல்களையும் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் புகுந்தது. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதைக் கண்ட அங்குள்ள ஆய்வாளர் தாத்து யுலோனென், செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பும் 'எஸ்.எஸ்.எச்.' முறையைப் படைத்தார். அதனுடன் 'எஸ்.சி.பி.' என்னும் நகல் நிரலும் வந்தது.

இவ்வாறு பாதைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. ஆனால் எஸ்.சி.பி., தன் முன்னோடியான ஆர்.சி.பி.யின் பழக்கத்தை விடவில்லை. கோப்பின் பெயரையும் அளவையும் அனுப்பும் கணிப்பொறிதான் சொல்லும். பெறும் கணிப்பொறி அப்பெயரிலேயே எழுதிக்கொள்ளும். மளிகைக் கடைக்குச் சீட்டு அனுப்பியவர், வந்த சாமான்களைச் சீட்டோடு ஒத்துப்பாராமல் அடுக்கி வைப்பதற்கு இது ஒப்பாகும். நாம் 'கடிதம்' என்ற கோப்பைக் கேட்டிருப்போம். தீயவர் கைவசமான கணிப்பொறியோ வேறு பெயருள்ள கோப்பை அனுப்பி, நம்முடைய கோப்பொன்றின் மேல் எழுதிவிடலாம். அது, நாம் கணிப்பொறியில் நுழையும்போதெல்லாம் தானே இயங்கும் கோப்பாக இருந்தால், கணிப்பொறியே அந்நியர் வசமாகிவிடும். திரையில் தோன்றும் எழுத்துகளை மாற்றி, நடந்ததை மறைக்கவும் வழியிருந்தது.

பின்லாந்தைச் சேர்ந்த ஹாரி சின்டோனன் இக்குறைகளை 2018-ல் கண்டறிந்தார்; 2019 ஜனவரியில் அவை வெளியிடப்பட்டன. 1983-ல் தோன்றிய பழக்கம் 35 ஆண்டுகள் நீடித்திருந்தது! 2019 ஏப்ரலில் வந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.0' பதிப்பில், வரும் பெயரைக் கேட்ட பெயரோடு ஒப்பிடும் சோதனை சேர்க்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பில், பெறுபவரே பெயரைத் தீர்மானிக்கும் 'எஸ்.எஃப்.டி.பி.' முறைக்கு எஸ்.சி.பி. மாற்றப்பட்டது.

இதனால் நாம் அறிவது யாது? பாதை பத்திரமாக இருப்பது வேறு. மறுமுனையில் இருப்பவர் நல்லவராக இருப்பது வேறு. ஆகவே நிரல்களைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய கணிப்பொறியோடு முதன்முறை இணையும்போது திரை காட்டும் அடையாளக் குறியைச் சரிபாராமல் 'ஆம்' எனத் தட்டலாகாது. அறியாத இடத்திலிருந்து பெறும் கோப்புகளைத் தனியான, வெற்று அடைவில் இறக்கிப் பார்த்தல் நலம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது மூத்தோர் வாக்கு. கணிப்பொறி யுகத்தில் வளரும் நாமும் அதை மறவாதிருப்போமாக!