தும்பா வானில் ஆரஞ்சு மேகம்

மாதா கோயிலில் தயாரான முதல் ராக்கெட்டின் கதை

திருவனந்தபுரம்: 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, வியாழக்கிழமை. ஆபீஸ் வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் மாலை வேளை. மேற்கே கடலில் சூரியன் மறைந்துவிட்டது. வானம் கறுக்கத் தொடங்கிய நேரத்தில், வெகு உயரத்தில் ஆரஞ்சு நிற மேகம் ஒன்று தோன்றி மெல்ல விரிந்தது. அது மழை மேகம் அல்ல. வாண வேடிக்கைப் புகையும் அல்ல. தென் கேரளத்திலும், பக்கத்துத் தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் ஜனங்கள் அண்ணாந்து பார்த்து வியந்தனர்.

நகருக்கு வடக்கே, தும்பா என்ற மீனவர் கிராமத்திலிருந்து சற்று முன்பு கிளம்பிய ராக்கெட் வானில் தூவிய சோடியம் ஆவிதான் அந்த மேகம். இந்திய மண்ணிலிருந்து விண்வெளிக்குச் சென்ற முதல் ராக்கெட் அது. தும்பைப் பூவை நினைவூட்டும் பெயர் கொண்ட அந்தக் கடற்கரை ஊரின் பெயர் அன்றிரவே உலகுக்குத் தெரிந்துவிட்டது.

போட்டி மிகுந்த ஆண்டு

1963-ம் ஆண்டு ரஷ்யாவும் அமெரிக்காவும் வானத்தில் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலம். மே மாதம் அமெரிக்க வீரர் கார்டன் கூப்பர் தன்னந்தனியாக 34 மணி நேரம் பறந்து பூமியை 22 முறை சுற்றினார். ஜூன் 14-ந் தேதி ரஷ்யாவின் வாலரி பைக்கோவ்ஸ்கி கிளம்பி, ஏறக்குறைய ஐந்து நாட்கள் விண்ணில் இருந்தார். அவர் மேலே இருக்கும்போதே, ஜூன் 16-ந் தேதி வாலண்டினா தெரஷ்கோவா புறப்பட்டார். விண்வெளி சென்ற முதல் பெண்மணி அவர். அப்போது அவருக்கு வயது 26. நூற்பாலையில் வேலை பார்த்த தொழிலாளி அவர் என்பது குறிப்பிடத்தக்கது. பூமியை அவர் 48 முறை சுற்றி வந்தார்.

வெற்றிகள் மட்டுமே நடந்த ஆண்டும் அல்ல. ஏப்ரலில் ரஷ்யா சந்திரனுக்கு அனுப்பிய லூனா-4 இலக்குத் தவறிச் சென்றுவிட்டது. ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய சின்காம்-2, பூமி சுழலும் வேகத்துக்கு ஈடு கொடுத்துச் சுற்றிய முதல் செய்தித் தொடர்பு செயற்கைக் கோளாயிற்று. அக்டோபரில் பிரான்ஸ் நாடு ஒரு பூனையை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி, பத்திரமாக இறக்கியது.

இத்தனை பெரிய நாடுகளுக்கு நடுவே, உணவுக்குக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த இந்தியாவுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. திட்டத்தின் தந்தையான டாக்டர் விக்ரம் சாராபாய் அதற்குத் தெளிவாகப் பதில் வைத்திருந்தார். பணக்கார நாடுகளோடு சந்திரனுக்கு ஓடும் ஆசை நமக்கு இல்லை. ஆனால் வானிலை, செய்தித் தொடர்பு, கல்வி போன்ற சாமானிய மக்களின் தேவைகளுக்குப் புதிய விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக் கூடாது என்பதே அவர் கருத்தின் சாரம்.

தும்பா ஏன்?

பூமிக்கு இரண்டு நடுக்கோடுகள் உண்டு. ஒன்று பூகோளப் படத்தில் நாம் பார்க்கும் பூமத்திய ரேகை. மற்றொன்று காந்த நடுக்கோடு. இந்தக் கோட்டின் மேல் காந்த ஊசியைத் தொங்கவிட்டால், அது எந்தப் பக்கமும் சாயாமல் படுக்கை வாட்டில் நிற்கும். அந்தக் கோடு தும்பாவை ஒட்டிச் சென்றது. அதற்கு நேர் மேலே, சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில், பகல் வேளையில் மின்சாரம் ஓர் ஆறு போல ஓடுகிறது. பலூனால் அவ்வளவு உயரம் போக முடியாது. செயற்கைக் கோள் அவ்வளவு தாழ்ந்து பறக்க முடியாது. ராக்கெட் ஒன்றுதான் அங்கே புகுந்து அளந்து வர முடியும்.

இந்தக் காந்த விசேஷம் திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ல் இங்கே வான ஆய்வுக்கூடம் அமைந்தது. பின்னர் ஜான் ஆலன் புரூன் என்ற விஞ்ஞானி இங்கும், பொதிகைத் தொடரில் உள்ள அகத்திய மலை உச்சியிலும் காந்த ஊசிகளை வைத்துப் பல ஆண்டுகள் கணக்கெடுத்தார். அந்த மரபின் தொடர்ச்சியாகவே தும்பாவைக் கருத வேண்டும்.

மீனவர்கள் கொடுத்த மண்

ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இரண்டரை கிலோ மீட்டர் நீளம், சுமார் 600 ஏக்கர் நிலம். விஞ்ஞானிகளுக்கு வேண்டிய இடம் அதுதான். ஆனால் அது வெறும் மணல்வெளி அல்ல. மீனவர் குடும்பங்கள் வாழ்ந்த ஊர். நடுவே புனித மகதலேன் மரியாள் தேவாலயம். அதன் அருகே பிஷப்பின் இல்லம்.

சாராபாய் திருவனந்தபுரம் பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்தார். பிஷப் உடனே சரி என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு வரச் சொன்னார். அன்று கோயிலில் கூடியிருந்த மக்களிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். மதமும் விஞ்ஞானமும் மனிதனின் நன்மையையே தேடுகின்றன. நாட்டின் விஞ்ஞான வேலைக்கு இந்தக் கோயிலைக் கொடுக்கலாமா என்று கேட்டார். சபை சம்மதம் சொல்லிற்று. இதைப் பின்னாளில் அப்துல் கலாம் தம் எழுத்திலும் பேச்சிலும் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

குடும்பங்கள் வேறிடத்துக்குப் பெயர்ந்தன. அவர்களுக்கென்று புதிய கோயிலும் எழுந்தது. பழைய கோயில் ஆபீஸ் ஆயிற்று. பிரார்த்தனைக் கூடத்தில் ராக்கெட் பாகங்களைப் பொருத்தினார்கள். பிஷப்பின் அறையில் வரைபடங்கள் போட்டார்கள்.

ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மீனவனுக்கு வீடு என்பது கூரை மட்டும் அல்ல. வள்ளத்தை ஏற்றி வைக்கும் கரை, வலை உலர்த்தும் மணல், எந்தப் பாரில் எந்த மாதம் மீன் படும் என்று அப்பன் பாட்டன் சொல்லிக் கொடுத்த கடல், எல்லாம் சேர்ந்ததே அவன் வீடு. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த இழப்பின் அளவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரயில் நிலையச் சாப்பாடு

வேலைக்கு வந்த என்ஜினீயர்கள் எல்லோரும் இளைஞர்கள். ராமேஸ்வரத்துக்காரரான கலாமும், சென்னைக்காரரான ஆர். அரவமுதனும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். இன்னும் சிலரோடு அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தனர்.

தும்பாவில் அப்போது ஓட்டல் கிடையாது. நகரில் லாட்ஜ் வாசம். திருவனந்தபுரம் ரயில் நிலைய உணவு விடுதியில் சாப்பாடு. பிறகு தும்பாவுக்குப் பயணம். முதல் தேதியை எதிர்பார்த்து லாட்ஜ் அறையில் நாளை எண்ணிய வெளியூர் குமாஸ்தாக்களின் வாழ்க்கைக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ராக்கெட்டின் முனைப் பாகத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிச் செல்லும் புகழ்பெற்ற புகைப்படமும் இதே தும்பாவில் பின்னர் எடுக்கப்பட்டதுதான்.

கிரேன் கைவிட்டது

அன்று ஏவப்பட்டது அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. இரண்டு அடுக்கு, எடை சுமார் 700 கிலோ. அதன் தலையில் பிரான்ஸ் நாட்டின் சோடியம் கருவி. பின்னர் ரஷ்யாவும் ஒரு ஹெலிகாப்டரும், மின்ஸ்க் கம்ப்யூட்டரும் கொடுத்து உதவியது. உலகில் எதிரெதிரே நின்ற வல்லரசுகள் தும்பாவில் ஒரே கூரையின் கீழ் கைகொடுத்தன.

ராக்கெட்டைச் சேர்த்துப் பொருத்தும் வேலையும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. டி. ஈஸ்வர்தாஸ் ராக்கெட்டைக் கட்டி, ஏவும் ஏற்பாடுகளைச் செய்தார். ராடார், டெலிமெட்ரி முதலியவை அரவமுதன் பொறுப்பு. கோயிலிலிருந்து ஏவுதளத்துக்கு ராக்கெட் லாரியில் சென்றது. அதைத் தூக்கி நிறுத்தக் கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேன் ஒன்றுதான் இருந்தது.

ராக்கெட்டை மேலே தூக்கி ஏவுமேடையில் வைக்கப் போகும் நேரத்தில் அது ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. கிரேனில் எண்ணெய்க் கசிவு! பழுது பார்க்க நேரம் இல்லை. அந்தி வெளிச்சம் போய்விட்டால் சோதனையே வீண். அங்கிருந்தவர்கள் எல்லோரும் தோள் கொடுத்து ராக்கெட்டைத் தூக்கி மேடையில் பொருத்தினார்கள். இந்தியாவின் விண்வெளி யுகம் மனிதக் கைகளால் தூக்கி வைக்கப்பட்டது என்றால் மிகையாகாது.

மாலை 6.25 மணியளவில் ராக்கெட் சீறிக் கிளம்பி, 200 கிலோ மீட்டருக்கும் மேலே சென்றது. கீழே பூமியில் இருட்டு. அவ்வளவு உயரத்திலோ இன்னும் வெயில். அந்த வெயில் பட்டுத்தான் சோடியம் ஆவி ஆரஞ்சு நிறமாக ஒளிர்ந்தது. மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று படம் பிடித்து, அந்த உயரத்துக் காற்றைக் கணக்கிட்டனர். அந்தி நேரத்தைத் தேர்ந்தெடுத்த ரகசியம் இதுவே.

மறுநாள் நள்ளிரவில், இந்திய நேரப்படி, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கம் முழுவதும் அந்தச் சோகம் நிறைந்தது. தும்பாவின் மகிழ்ச்சி ஒரே நாளோடு அடங்கிப்போயிற்று. ஆனால் வேலை நிற்கவில்லை.

கோயிலிலிருந்து உலகுக்கு

1967 நவம்பர் 20-ந் தேதி, இந்தியாவிலேயே செய்த ரோகிணி-75 ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. 1968 பிப்ரவரி 2-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி தும்பா தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தார். 1971 டிசம்பர் 30-ந் தேதி இரவு, சாராபாய் கோவளத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. தும்பா நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980 ஜூலை 18-ந் தேதி கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக் கோளைச் சுற்றுப் பாதையில் சேர்த்தது.

பழைய தேவாலயம் 1985 முதல் விண்வெளிக் கண்காட்சிச் சாலையாக இருக்கிறது. பிரார்த்தனை நடந்த இடத்தில் ராக்கெட் மாதிரிகளைப் பார்க்கலாம். எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த கே. சிவன் தும்பா மையத்தின் டைரக்டராகி, பின் 2018-ல் இஸ்ரோவின் தலைவரானார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்றார்.

திருப்பித் தர வேண்டிய கடன்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கியது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டும், காணாமலும் போயினர். புயலை வானத்திலிருந்து செயற்கைக் கோள் கண்டது. ஆனால் ஆழ்கடலில் இருந்த வள்ளங்களுக்குச் செய்தி சேரவில்லை. கரையோர டெலிபோன் கோபுரத்தின் எல்லைக்கு அப்பால் அவர்கள் இருந்தனர். விண்வெளிக்கு மண் கொடுத்த கரையின் மக்கள் விண்வெளியின் பயன் எட்டாமல் மடிந்தது வேதனைக்குரியது.

அதன் பின்னர், செயற்கைக் கோள் மூலம் நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறும் கருவிகளை இஸ்ரோ உருவாக்கியது. படகுகளில் அவை பொருத்தப்பட்டும் வருகின்றன. இந்த வேலை கடைசி வள்ளம் வரை போய்ச் சேர வேண்டும்.

2024 பிப்ரவரி 28-ந் தேதி தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கேயும் கடற்கரைதான், அங்கேயும் மீனவர்கள்தான். தும்பாவில் அன்று முதலில் மக்களைக் கூட்டி, அவர்களிடம் கேட்டார்கள். அந்த மரியாதையை அங்கேயும் காக்க வேண்டும். சாமானியனுக்குப் பயன்படவே ராக்கெட் என்று சாராபாய் சொன்னது உண்மையாக வேண்டுமானால், புயல் நாளில் கரைக்கு உயிரோடு திரும்பும் ஒவ்வொரு வள்ளமும் அதற்குச் சாட்சியாக இருக்க வேண்டும்.