மெல்வதற்கு எளிதாக இருந்த ஈரல்

தற்காலிகக் கூடாரத்துக்குள் மெர்ட்ஸ் கையை நீட்டி, மாசனின் காதிலிருந்து எதையோ உரித்தெடுத்தார். மடலும் வளைவும் அப்படியே பதிந்த முழுத் தோல். மாசன் பதிலுக்கு மெர்ட்ஸின் காதைத் தொட்டார். அங்கும் அதேபோல் கழன்று வந்தது.

இடம் அண்டார்டிகா. டக்ளஸ் மாசன் ஆஸ்திரேலியப் புவியியலாளர். பயணக் குழுவின் தலைவர். சேவியர் மெர்ட்ஸ் சுவிட்சர்லாந்துக்காரர், சட்டம் படித்தவர், பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். நின்னிஸ் என்ற ஆங்கிலேய இளைஞரும் அவர்களுடன் வந்திருந்தார். 1912 டிசம்பர் 14 அன்று பனி மூடிய பிளவு ஒன்று அவரை விழுங்கிவிட்டது. அவரோடு வலுவான ஆறு நாய்களும் கூடாரமும் உணவில் பெரும்பகுதியும் போயின. மாசன் சறுக்குவண்டியில் உட்கார்ந்திருந்ததால் அவருடைய எடை பரவி, அதே பனிமூடியைத் தாண்டிவிட்டார். நின்னிஸ் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பாரமெல்லாம் ஒரு பாதத்தில் இறங்க, பனிமூடி உடைந்திருக்க வேண்டும்.

முகாம் 500 கிலோமீட்டர் தொலைவில். இருவருக்கு ஒன்றரை வார உணவு; நாய்களுக்கு ஒன்றுமில்லை. வேறு வழியின்றி நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். எலும்பும் தோலுமான நாய்களின் கறி நார் நாராக இருந்தது. ஈரல் மட்டும் மெத்தென்று, மெல்வதற்கு எளிதாக இருந்தது. வயிறு சரியில்லாத மெர்ட்ஸுக்கு அதில் கூடுதல் பங்கு போனதாகச் சொல்வார்கள். உண்மையானால், அது அன்பு செய்த கொடுமை.

மெர்ட்ஸுக்குத் தோல் உரிந்தது, முடி கொட்டியது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பிறகு பிதற்றல், வலிப்பு. ஜனவரி 8 அதிகாலையில் மாசன் தொட்டுப் பார்த்தபோது உடல் விறைத்திருந்தது.

ஈரல் உடலின் வைட்டமின் ஏ கிடங்கு. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரோடு போய்விடும். ஏ கொழுப்பில் கரைவது, தங்கிவிடும். துருவப் பிரதேசத்தில் மீனைத் தின்னும் சீல், சீலைத் தின்னும் கரடியும் நாயும் என்று ஒன்றையொன்று தின்னத் தின்ன, மேலே போகப் போக ஈரலில் அது குவிகிறது. 1597-ல் ஆர்க்டிக்கில் சிக்கிய டச்சு மாலுமிகள் கரடி ஈரலைத் தின்றதும் அவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்தது. ஆர்க்டிக் வாசிகள் அந்த ஈரலைத் தொடுவதில்லை. மாசனுக்கு இதைச் சொல்ல அங்கே யாருமில்லை. விஞ்ஞானமும் அப்போது கைவிரித்திருக்கும்: வெண்ணெயில் இப்படியொரு பொருள் இருக்கிறதென்று அமெரிக்காவில் கண்டறிந்ததே 1913-ல்தான்.

1969-ல் கிளீலண்ட், சவுத்காட் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நோய்க்குறிகளை அடுக்கி, வைட்டமின் ஏ நஞ்சே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த விளக்கம் பாடப்புத்தகக் கதை போலப் பரவிவிட்டது. எனக்கென்னவோ, ஈரலை மட்டும் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. பட்டினி, கடுங்குளிர், நண்பன் திடீரென மறைந்த அதிர்ச்சி என்று பின்னால் வந்தவர்கள் சொன்ன காரணங்களும் லேசானவை அல்ல. அதே ஈரலைத் தின்ற மாசன் பிழைத்தாரே!

(ஈரல் வறுவல் பிரியர்கள் பயப்பட வேண்டாம், நம் ஆட்டு ஈரல், நாய் ஈரல் அளவுக்குப் போகாது. ஆனால் கர்ப்பிணிகள் அதை அடிக்கடி சாப்பிடுவதையும், டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை போடுவதையும் தவிர்க்க வேண்டும். முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் இருப்பது கரோட்டின். உடம்பு தேவைக்கு மட்டும் அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும்.)

மாசன் பிழைத்ததும் சும்மா அல்ல. மாசனின் இரு பாதங்களிலும் அடித்தோல் முழுசாகக் கழன்றுவிட்டது. கழன்ற தோலையே மறுபடி பாதத்தில் ஒட்டவைத்துக் கட்டி, மேலே காலுறைகளை அடுக்கிப் போட்டுக்கொண்டு நடந்தார். சறுக்குவண்டியைப் பாதியாக அறுத்துத் தானே இழுத்தார். ஒரு பிளவில் விழுந்து, வண்டியில் கட்டிய கயிற்றில் தொங்கி, முடிச்சு முடிச்சாகப் பிடித்து ஏறினார். பிப்ரவரி 8 அன்று முகாமை எட்டியபோது கப்பல் புறப்பட்டுச் சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவரைத் தேடுவதற்கென்று தங்கியிருந்த ஆறு பேரோடு இன்னொரு குளிர்காலத்தையும் அங்கேயே கழித்தார்.

அந்த வழியில் கடந்த பனியாறுகளுக்கு இறந்த இருவரின் பெயரையும் வைத்தார்கள். மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கு 2010 பிப்ரவரியில் 78 கிலோமீட்டர் நீளத்துக்கு உடைந்து கடலில் மிதந்தது. மெர்ட்ஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.