காலைப் போசனத்துடன் ஓர் அறை

மலைநாட்டுக்குப் புறப்படும் கொழும்புவாசிகள் இக்காலத்தில் கோட்டைப் புகையிரத நிலையத்தையே முதலில் நினைப்பர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவர்கள் நினைத்தது கிராண்ட்பாஸை. களனி கங்கையைக் கடக்கும் பெரிய துறை என்னும் பொருளிற் போர்த்துக்கேயர் இட்ட பெயரே இப்பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. 1822இல் இங்கே படகுகளை வரிசையாகப் பிணைத்து, அவற்றின்மேற் பலகை பரப்பிப் பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் எழும்வரையில், கண்டி வீதியை நாடிய வண்டிகளெல்லாம் அந்தப் படகுப் பாலத்தின்மீதே ஆடி அசைந்து சென்றன. கிராண்ட்பாஸைத் தாண்டினாற்றான் பிரயாணம் தொடங்கியது என்று பொருள்.

பிரயாணம் தொடங்கினால் இராத்தங்கல் வேண்டுமே! அதற்காகவே வெள்ளையராட்சியினர் வீதிகளின் ஓரத்தில் வாடிவீடுகளை எழுப்பினர். கண்டி வீதியிலுள்ள அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828இல் எழுந்தது என்பர். இத்தீவின் மிகப் பழைய வாடிவீடு அதுவே என்றும் கூறுவர். கடமையின் பொருட்டு வருகின்ற உத்தியோகத்தருக்கு அங்கே முதலிடம். ஏனையோருக்கு எஞ்சிய இடம். நம்மவரிற் பெரும்பாலோர் வாடிவீட்டின் படியை மிதித்தவரல்லர். சத்திரமோ, மடமோ, அல்லது தூரத்து உறவினர் வீடோதான் நமக்கு விடுதி. சொந்தக்காரர் ஒருவர் வாழும் ஊரில் அறை வாடகைக்கு எடுத்தால், அதனை அவமதிப்பாகவே கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

ஆயினும் காலம் மாறிவருகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் இளந்தம்பதியர், போயா விடுமுறையுடன் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால், ஒரு சிறு பையைத் தூக்கிக்கொண்டு அப்புத்தளைக்கோ எல்லவுக்கோ சென்றுவிடுகின்றனர். அவர்கள் தேடுவது பெரிய ஹோட்டலையன்று. யாரோ ஒரு குடும்பத்தினர் தம் வீட்டில் ஒதுக்கித் தரும் அறை. காலையில் அவ்வீட்டு அடுப்பிற் சமைத்த உணவு. யன்னலைத் திறந்தால் மலை. இவ்வளவுதான். இதனை இப்போது எல்லோரும் ‘ஹோம்ஸ்டே’ என்கிறார்கள்.

இவ்வழக்கத்தின் மேல்நாட்டுத் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே கடற்கரையூர்களில் இல்லத்தரசிகள், கோடைகாலத்தில் அறையொன்றை ஒழித்துக் கொடுத்து, காலையில் முட்டையும் பன்றியிறைச்சியும் வாட்டிய பாணும் பரிமாறிப் பொருளீட்டினர். ‘பெட் அன்ட் பிரேக்ஃபஸ்ட்’ என்று பெயர். மத்தியானத்துக்கு வெளியே போய்விட வேண்டும். பிற்காலத்தில் இதே யோசனை விஞ்ஞான உருவெடுத்ததை மாணவர்கள் அறிவர். 2007இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், வாடகை கட்ட முடியாது தவித்த இரண்டு வாலிபர்கள், மகாநாடொன்றுக்கு வந்தவர்களுக்குக் காற்றடைத்த மெத்தைகளை விரித்துக் கொடுத்துக் காலையுணவும் அளித்தனர். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஏர்பிஎன்பி’ என்னும் பெருநிறுவனம். அப்பெயரிலுள்ள ‘பிஎன்பி’ படுக்கையும் காலையுணவுமேயாம். இன்று அந்நிறுவனத்தின் வீடுகள் பலவற்றிற் காலையுணவு கிடையாது. பெயரில் மாத்திரம் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது!

நம் நாட்டில் நிலைமை நேர்மாறானது. இங்கே அறையைவிடக் காலையுணவுதான் புகழ் பெற்றது. மலைநாட்டு வீடுகளிலே தங்கித் திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டில் எப்படியிருந்தது என்று சொல்லமாட்டார்கள். இடியப்பம் எத்தனை தட்டு என்றே சொல்லுவார்கள்.

அந்த இடியப்பத்தைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். சிவப்பரிசி மாவை வறுத்து அரித்து வைத்திருக்க வேண்டும். உப்பிட்ட நீர் தளதளவெனக் கொதிக்க வேண்டும். கொதியாத நீரை ஊற்றினால் இழை அறுந்து போகும். கையால் தொட முடியாத சூட்டில் அகப்பைக் காம்பாற் கிளறி, சூடு ஆறுமுன் உரலில் அடைத்துப் பிழிய வேண்டும். ஆறினால் மா இறுகிவிடும். பிழிகிறவரின் தோள் கழன்றுவிடும். ஆளுக்குப் பத்து இடியப்பமென்றால், நான்கு விருந்தினருக்கு நாற்பது தட்டு. இடையில் அம்மியிற் செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சம்பல் அரைத்தாக வேண்டும். சொதிக்கு இரண்டாம் பாலில் வெந்தயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் வெந்த பின்னரே முதற்பாலை விடலாம். அது பொங்கியெழ விடாது இறக்கி, சூடு தணிந்த பிறகே தேசிக்காய் பிழியலாம். அவசரப்பட்டால் திரைந்துவிடும். எட்டு மணிக்கு மேசைக்கு வரவேண்டிய இந்த உணவுக்காக, அவ்வீட்டுப் பெண் ஐந்து மணிக்கு முன்னரே எழுந்திருப்பாள்.

அப்பத்துக்கு வேறு வகைத் தண்டனை. முதல் நாளே அரிசியை ஊறவைத்து அரைத்துக் கள்ளோ ஈஸ்டோ சேர்த்துப் புளிக்க வைத்துவிடலாம். ஆனாற் சுடுவதை முன்கூட்டிச் செய்ய முடியாது. ஒவ்வோர் அப்பமாகச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டிலேயே இலைக்கு வர வேண்டும். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருப்பது மூன்று நிமிடத்துக்குத்தான். ஆதலின் அப்பம் சுடுகிறவள் விருந்தினருடன் ஒருபோதும் சேர்ந்து உண்ண முடியாது. தமிழ் வீட்டுக் காலைகளின் கதை முழுவதும் இந்த ஒரு வசனத்தில் அடங்கிவிடுகிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

கணவனும் மனைவியும் தனித்துப் பிரயாணம் செய்வதில் உள்ள இன்பம் யாது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தேனிலவு, மலைச்சாரல், மூடுபனி, கைகோத்து நடத்தல் என்பனவெல்லாம் சினிமா நமக்குக் கற்பித்தவை. அவை கிடைத்தால் நல்லதே. ஆனால் கல்யாணமாகிப் பதினைந்து வருடம் சென்ற ஒரு மனையாளுக்கு, காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் சூடாகக் கொண்டுவந்து பரிமாற, எதிரேயிருக்கும் கணவனுடன் அவசரமின்றி இரண்டு வார்த்தை பேசுவதைவிடப் பெரிய உல்லாசம் இல்லை. வீட்டில் அவள் நின்றபடி பரிமாறுகிறாள். அவன் பத்திரிகையைப் பார்த்தபடி விழுங்குகிறான். பிள்ளைகள் சப்பாத்தைத் தேடுகிறார்கள். நாளின் முதற் போசனத்தில் தம்பதிகள் ஒருவரையொருவர் காண்பதேயில்லை. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் போய்வருகிறோம் என்றால், ‘இந்த வயதில் இது என்ன?’ என்று கேட்கும் உறவினர் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மலைநாட்டு இருப்புப்பாதை இத்தகைய பிரயாணத்துக்கெனவே அமைந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் இடப்பட்டது. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. பட்டிப்பொல நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. 2025 நவம்பரில் வீசிய ‘டித்வா’ சூறாவளியினால் இப்பாதை பலவிடங்களிற் சிதைவுற்றது. ஆதலாற் புறப்படுமுன் எந்த நிலையம்வரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொள்வது அவசியம்.

அப்புத்தளையில் ஒரு விசித்திரமான இல்லம் உண்டு. சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்னும் ஆங்கில வர்த்தகப் பிரமுகர் 1931இற் கட்டிய கருங்கல் மாளிகை அது. இங்கிலாந்தில் கென்ட் பிரதேசத்திலுள்ள ஒரு கிராமத்தின் பெயரால் அதற்கு ‘அடிஷம்’ என்று பெயரிட்டார். 1960களின் தொடக்கத்தில் அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாயிற்று. துறவிகள் தம் தோட்டத்துப் பழங்களைக் கொண்டு ஜாமும் பழரசமும் செய்து விற்கின்றனர். தங்குவோருக்குச் சில அறைகளும் உண்டு. காதல் வாழ்க்கையைத் துறந்தோர் காய்ச்சிய ஜாமைப் புதுமணத் தம்பதியர் பாணிற் பூசி உண்பது இவ்வுலகின் இனிய முரண்களில் ஒன்று.

துரைமார் பங்களாக்களும் இன்று விடுதிகளாகி வருகின்றன. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்துள்ள பழைய பங்களாக்களை ‘டில்மா’ தேயிலைக் குடும்பத்தினர் 2005 முதல் ‘டீ ட்ரெயில்ஸ்’ என்னும் பெயரில் உல்லாச விடுதிகளாக நடத்துகின்றனர். படுக்கையிலேயே தேநீர் வரும். ஒரு நாட் கட்டணம் நூற்றுக்கணக்கான டொலர். பங்களாவின் புற்றரையிலிருந்து பார்த்தால் தேயிலைச் சரிவு பச்சைக் கம்பளம்போல் விரியும். அக்கம்பளத்தில் அசையும் புள்ளிகள் நம் சகோதரிகள். கொழுந்து பறிக்கும் அவர்களின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியதே நெடிய போராட்டத்தின் பின், 2021இல்தான். துரை பங்களாக்களின் அடுப்படியிலும் நூறு வருடமாக நின்றவர் பெரும்பாலும் தோட்டத்துத் தமிழரே. முட்டையை எத்தனை நிமிடம் அவிப்பது, பாணை எந்த நிறத்தில் வாட்டுவது என்பதெல்லாம் ‘அப்பு’ என்றழைக்கப்பட்ட அந்தச் சமையற்காரர் கைவந்த கலை. ஆயினும் விருந்தினர் புத்தகங்களிற் புகழப்பட்டது துரைசானியின் உபசாரம்.

இந்தக் கணக்கிற் பார்த்தால், சிறிய ஹோம்ஸ்டேக்கள் எமக்கு மிகவும் பிடித்தவையாக இருப்பதில் வியப்பில்லை. அங்கே சமைப்பவளே வீட்டுக்காரி. பணம் அவள் கைக்கே வருகிறது. பெயர்ப்பலகையிற் பல வேளைகளில் அவள் பெயரே இருக்கிறது. ‘விருந்தோம்பல்’ திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம், இல்லறவியலின் நடுநாயகமானது. சோற்றுக்கு விலை கூறலாமா என்று நம் பெரியவர்கள் முகஞ்சுளிப்பது அதனால்தான். அவர்களிடம் நாம் பணிவுடன் கேட்பது ஒன்றே: விலையின்றி விருந்தோம்பிய வீடுகளில், அடுப்படியில் நின்றவளுக்கு அந்த அறத்தின் புகழிற் பங்கு எவ்வளவு கிடைத்தது?

யாழ்ப்பாணத்திலும் இவ்வழக்கம் பரவிவருகிறது. 1956இல் ஓடத் தொடங்கி 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்திய யாழ்தேவி, 2014 ஒக்டோபரில் மீண்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. வெளிநாடு சென்றவர்களின் வெறுமையான பெரிய வீடுகளில் விளக்கேற்றியிருப்பவர்கள், இன்று அறைகளை வாடகைக்கு விடுகின்றனர். கனடாவிலிருந்து வருகின்ற பேரப்பிள்ளைகள், பாட்டியார் அவித்த குழற்பிட்டை அந்நியர் வீட்டு மேசையிற் பணங்கொடுத்து உண்கிறார்கள். அதனை எண்ணினாற் சிறிது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

இத்தொழில் எளிதில் நொறுங்கிவிடக் கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். 2019 ஏப்ரிற் குண்டுவெடிப்புகளும் அதன்பின் கொள்ளைநோயும் வந்தன. 2021இல் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2022இல் எரிவாயுவுக்கு வரிசை; விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகள் பல. கடன் வாங்கிக் குளியலறை கட்டியவர்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. வெளிநாட்டவர் வராத அந்நாட்களில் சில வீடுகளைக் காப்பாற்றியது, கொழும்பிலிருந்து சென்ற உள்ளூர்க் குடும்பங்களே. 2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது.

ஆகவே போகிறவர்கள் சிலவற்றைக் கவனித்தல் நன்று. காலையில் என்ன வேண்டும் என்பதை முதல் நாள் மாலையிலேயே சொல்லிவிடுங்கள். கணவனுக்கு அப்பம், மனைவிக்குப் பிட்டு, தம்பிக்குப் பாண் என்று மூன்று அடுப்பு மூட்டச் செய்யாதீர்கள். சைவ போசனம் வேண்டுமாயின் அறை பதியும்போதே அறிவியுங்கள்; மாசிக்கருவாடு இல்லாத சம்பலைக் கேட்டால் மகிழ்ச்சியுடன் அரைத்துத் தருவார்கள். பேரம் பேசுவதாயின் அறைக்குப் பேசுங்கள், உணவுக்குப் பேசாதீர்கள்.

சென்ற விடுமுறையில் நாமும் எம் இல்லாளும் அப்புத்தளையில் ஒரு சிறு வீட்டிற் தங்கினோம். வீட்டுக்காரி தோட்டத்து லயத்திற் பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். முதல் நாட் காலை இருபது தட்டு இடியப்பம் வந்தது. அவர் எப்போது உண்பார் என்று எம் இல்லாள் கேட்டதற்கு, “எல்லாரும் போன பெறகு, அக்கா, ஒரு ரொட்டியும் பிளேன்டீயும்,” என்றார். மறுநாள் நாம் விழித்தபோது பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. அடுப்படியிலிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பொலி கேட்டது. எட்டிப் பார்த்தோம். உரல் எம் இல்லாளின் கையில். வீட்டுக்காரி அம்மியின் முன் குந்தியிருந்தார்.

“நீங்க புழிஞ்சா நான் எப்படிக் காசு வாங்குறது, அக்கா?”

“சம்பலுக்கும் சொதிக்கும் வாங்குங்கோ, தங்கச்சி. இடியப்பம் என்ரை.”

அன்று மேசையில் மூன்று இலைகள் போடப்பட்டன. தட்டுகளை அடுக்கும் வேலை எம் தலையில் விழுந்தது. புறப்படும்போது வந்த கணக்குத் துண்டில், அறைக்கு முழுத்தொகையும், இரண்டாம் நாட் காலைப் போசனத்துக்கு ஓராளுக்குரிய தொகையுமே எழுதப்பட்டிருந்தன.