குரலின் அகலத்தில் ஒரு கோபுரம்

கொடைக்கானல் மலையிலிருந்து மதுரைக்கு வந்த தூர்தர்ஷன் ஒளிபரப்புக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. பொழுதுபோக்காக வானொலி வழியே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் குரல் அலைவரிசையோ ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ்தான். ஒருவர் பேச்சு மட்டும் நுழையக்கூடிய சந்து. அந்தச் சந்துக்குள் படத்தையே அனுப்பிக் காட்டினார் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மாணவர் காப்தோர்ன் மெக்டொனால்ட். 1958-ல் 'க்யூ.எஸ்.டி.' என்ற ஹாம் ரேடியோ இதழில் தன் முறையை வெளியிட்டார்.

வேகத்தை விட்டுக்கொடுத்ததுதான் அவருடைய சூட்சுமம். அசையாத கறுப்பு வெள்ளைப் படம், 120 வரிகள், 8 விநாடிகள். கறுப்புக்கு 1500 ஹெர்ட்ஸ் ஒலி, வெள்ளைக்கு 2300. சாம்பல் நிறங்களுக்கு இடைப்பட்ட சுருதி.

மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் படத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மேல் வரிகளில் வெளிறிய வானம் மட்டுமே. ஒலி 2300-ஐ ஒட்டியே கீச்சிடும். கலசங்கள் தலைகாட்டும் வரியில் நடுவே சுருதி சட்டென இறங்கி ஏறும். கீழே வர வர அந்த இறக்கம் நீண்டுகொண்டே போகும். வரிக்கு வரி 1200 ஹெர்ட்ஸில் 5 மில்லிவிநாடித் துடிப்பு ஒன்று, அடுத்த வரி தொடங்குவதை அறிவிக்கும். இந்தக் கணக்கு இம்மி பிசகினாலும் கோபுரம் சாய்ந்துவிடும். அதனால் மின்சாரத்தையே கடிகாரமாக்கினார்கள்: அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸை நான்கால் வகுத்து விநாடிக்கு 15 வரி. நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு மூன்றால் வகுத்தார்கள்; அங்கே படம் 7.2 விநாடியில் முடிந்தது.

படம் தெரிந்தது, ஒளி மெல்ல மங்கும் ரேடார் திரைக்குழாயில். கடைசி வரி வருவதற்குள் முதல் வரி மங்கத் தொடங்கிவிடும். ஆனாலும் இடிமின்னல் குறுக்கிட்டால் ஓரிரு வரிகள்தான் கெடும், படம் பிழைத்துக்கொள்ளும். இம்முறை இன்றும் வாழ்வதற்கு இதுவே காரணம் என்பேன்.

இன்று கணினியே எல்லாம் செய்கிறது, வண்ணமும் வந்துவிட்டது. சர்வதேச விண்வெளி நிலையம் அவ்வப்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் இப்படிப் படங்களை அனுப்புகிறது. ஒரு படத்துக்குச் சுமார் 2 நிமிடம். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ஏந்திச் சென்ற கருவிகளில், கர்நாடக மாணவர்களின் 'பி.ஜி.எஸ். அர்பித்' ஹாம் ரேடியோ வழியே குரலும் எழுத்தும் படமும் அனுப்புவதற்கென்றே உருவானது.

மதுரையைச் சுற்றிப் பெரும்பகுதி சமவெளி. மொட்டை மாடியில் நின்றாலே வானம் விரிந்து கிடக்கும். இயற்பியல் ஆசிரியர்களே, விண்வெளி நிலையம் படம் அனுப்பும் நாள்களைக் கவனித்து, உங்கள் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த அலைவரிசையைப் பிடிக்கும் ரேடியோவின் ஒலியை 'ரோபாட் 36' போன்ற செயலிக்குக் கேட்கவிட்டால் கைப்பேசித் திரையில் படம் வரிவரியாக இறங்கும். நாமே படம் அனுப்பத்தான் மத்திய அரசின் தேர்வும் உரிமமும் தேவை. 12 வயது நிறைந்த பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதலாம்.