நடைக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ற உள்ளாடை: அளவு பார்த்து வாங்குவது எப்படி?

பேகம்பேட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணிகள் பலர் காலையில் சஞ்சீவய்யா பூங்காவுக்கோ நெக்லஸ் சாலைக்கோ நடக்கப் போகிறார்கள். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் சிலர். எடை குறையட்டும் என்று சிலர். காலுக்கு நல்ல ஷூவாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறார்கள். மார்புக்கு மட்டும் அலமாரியில் கிடக்கும் பழைய 'பாடி'யே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். கொஞ்சம் வேகமாக நடந்தால் வலி. எதிரே வருகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு. துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்து அலுத்துப்போய், முழங்கால் வலிக்கிறது என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி நடையையே நிறுத்திவிடுவோரும் உண்டு. உண்மைக் காரணம் கணவருக்குக்கூடத் தெரியாது.

இது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் உள்ள சங்கடமல்ல. பிரிட்டனில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் 2,089 பள்ளி மாணவிகளிடம் விசாரித்து 2016ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பக அசைவும் கூச்சமும் தங்கள் விளையாட்டைப் பாதிப்பதாக ஏறத்தாழப் பாதிப் பேர் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. இருப்பவை கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அவற்றை நிறுத்தி வைப்பது மேல்தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களும். 1840ல் அவற்றை விவரித்து எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரே அந்த நார்களுக்கு நிலைத்துவிட்டது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமின்றி, பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாக, எட்டு போட்டதுபோல் அசைகிறது. இந்த அசைவை அடக்க சாதாரண உள்ளாடையால் முடியாது. இறுகத் தைத்த ரவிக்கையாலும் முடியாது.

லங்கோட்டில் பிறந்தது

இதற்கென்று தனி உள்ளாடை வந்தது 1977ல்தான். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த லிசா லிண்டால் என்ற பெண்மணி ஓட்டப் பயிற்சி செய்து வந்தார். அவருடைய சகோதரியும் ஓடத் தொடங்கி, இந்த அவஸ்தைக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஆண் விளையாட்டு வீரர்களுக்கு லங்கோடு போல 'ஜாக்ஸ்ட்ராப்' இருக்கிறதே, பெண்களுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று பேச்சு எழுந்தது. லிண்டாலின் தோழியும் நாடக உடை வடிவமைப்பாளருமான பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்பவருடன் சேர்ந்து பல துணிகளில் தைத்துப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்புகளை வெட்டி ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள், அது நின்றது! 'ஜாக்பிரா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த ஆடைக்கு 1979ல் காப்புரிமை கிடைத்தது. 2022ல் மூவரும் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். கண்டுபிடிப்பு என்றால் ராக்கெட்டாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

அளவு எடுக்கும் முறை

பலர் நினைப்பதுபோல் பாரத்தைத் தாங்க வேண்டியது தோள்பட்டை அல்ல. மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டைதான் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். அது தளர்ந்திருந்தால் மேல்பட்டைகளை எவ்வளவு இழுத்து முடுக்கினாலும் தோளில் பள்ளம் விழுமே தவிர, அசைவு நிற்காது.

தையற்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் போதும். மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே சுற்றளவை அழுத்தமாக எடுக்க வேண்டும். பிறகு மார்பின் எடுப்பான இடத்தில் தளர்வாக ஓர் அளவு. முதல் அளவுக்கு ஒட்டிய இரட்டைப்படை எண்தான் அடிப்பட்டையின் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலமானால் 'ஏ' கப், இரண்டானால் 'பி', மூன்றானால் 'சி', நான்கானால் 'டி'. கீழே 34, மேலே 37 என்றால் 34-சி. இந்த அளவுக்காரர் 36-பி வாங்கினாலும் கப்பின் கொள்ளளவு ஒன்றேதான்; ஆனால் அடிப்பட்டை இரண்டு அங்குலம் தளர்ந்துவிடும். நம் பெண்களில் பலர் செய்யும் தவறு இதுவே. அடியளவோடு நாலைந்து அங்குலம் கூட்டி எண் போடும் பழைய முறையைச் சில கம்பெனிகள் இன்னும் விடவில்லை. ஆகவே பெட்டியில் அச்சிட்ட அட்டவணையையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஸ்மால், மீடியம் என்று மட்டும் போட்டிருந்தால் அட்டவணை பார்க்காமல் வாங்கவே கூடாது.

அளவு கையில் இருந்தால் கடையிலும் கூச்சமில்லை. செகந்திராபாத் ஜெனரல் பஜாரிலோ அமீர்பேட்டிலோ விற்பனைச் சிப்பந்தி ஆணாக இருந்தாலும் 'முப்பை நாலுகு, சி' என்று தெலுங்கில் எண்ணையும் எழுத்தையும் சொன்னால் போதும். வேறு விளக்கம் தேவையில்லை.

தலைவழியே மாட்டி மார்பை அழுத்திப் பிடிக்கும் ரகம், மார்பு சிறுத்தவர்களுக்கும், நடை, யோகாசனம் போன்றவற்றுக்கும் போதுமானது. மார்பு பெருத்தவர்களும், ஓட்டம், ஸ்கிப்பிங், பாட்மிண்டன் என்று குதிப்பவர்களும் இரண்டு கப்புகள் தனித்தனியாக அமைந்து, அகலமான தோள்பட்டையும் முதுகில் கொக்கியும் உள்ளதை வாங்க வேண்டும். வியர்வை கொட்டும் காலத்தில் முழுப் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீக்கிரம் உலரும் பின்னல் துணி மேல்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி வீட்டில் போட்டுப் பார்ப்பது உத்தமம். புதிதில் கடைசிக் கொக்கியில், அதாவது தளர்வான கொக்கியில், பொருந்த வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே மாற்றிக்கொள்ளலாம். அடிப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. இரு கைகளையும் தூக்கினால் பட்டை மேலே ஏறக் கூடாது. மேலேயும் பக்கத்திலும் சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கினால் பெரியது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பத்துத் தடவை குதித்துப் பார்க்க வேண்டும். ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியாவிட்டால் அது உதவாது. இறுக்கமான பிரா புற்றுநோய் உண்டாக்கும் என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் நடந்து 2014ல் வெளியான ஆய்வு அப்படித் தொடர்பு எதையும் காணவில்லை.

துவைப்பதிலும் கவனம் தேவை. வெந்நீர், முறுக்கிப் பிழிதல் இரண்டும் எலாஸ்டிக்குக்கு எமன். கொடியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டுக்கு அடியில் மறைத்துப் போடுகிறார்கள். அரைகுறை ஈரத்தோடு அதையே மறுநாள் அணிந்தால் மார்பின் அடியில் அரிப்பும் படையும்தான் மிச்சம். நிழலில், காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். உள் கொக்கியில் மாட்டியும் பட்டை நிற்கவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

சரியான அளவில் போட்ட பிறகும் ஒரு பக்கம் மட்டும் வலி நீடித்தாலோ, கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து கசிவு இருந்தாலோ உள்ளாடையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பேகம்பேட்டிலிருந்து பஞ்சாகுட்டா நிம்ஸ் மருத்துவமனை அதிக தூரமில்லை.