நினைவு நுரை மெத்தை

நினைவு நுரை மெத்தை என்பது உடலின் எடையாலும் வெப்பத்தாலும் மெதுவாக அமிழ்ந்து உடலின் வடிவத்தை ஏற்று, எடை நீங்கியதும் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும் ஒருவகைப் பாலியூரித்தேன் நுரையால் ஆன படுக்கை ஆகும். வணிக வழக்கில் இது மெமரி ஃபோம் மெத்தை எனப்படுகிறது. அழுத்திய கையின் தடம் சில நொடிகள் நிலைத்திருப்பது இந்நுரையின் அடையாளம். எனினும் அத்தடத்தைக் கொண்டு மெத்தையின் தரத்தை அறிய இயலாது. நுரையின் அடர்த்தி, நுரை அடுக்கின் தடிப்பு, படுப்பவரின் எடை, படுக்கும் முறை ஆகியவையே தேர்வுக்கு அடிப்படையாகும்.

வரலாறு

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்திற்காக 1966 ஆம் ஆண்டில் சார்லசு யோசுட்டு என்ற பொறியாளர் இந்நுரையின் உருவாக்கத்தில் ஈடுபட்டார். விண்வெளி வீரர்கள் உறங்குவதற்காக இது உருவாக்கப்பட்டது எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் வானூர்தி இருக்கைகளில் மோதலின் தாக்கத்தைக் குறைப்பதே இதன் நோக்கமாக இருந்தது. பின்னர் இது விளையாட்டுத் தலைக்கவசங்களிலும் மருத்துவப் படுக்கைகளிலும் பயன்பட்டது. 1980களில் இத்தொழில்நுட்பம் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. சுவீடன் நாட்டின் ஃபாகெர்டாலா நிறுவனம் இதனை மேம்படுத்தி, 1991 இல் வீட்டுப் பயன்பாட்டிற்கான மெத்தையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இயல்புகள்

இந்நுரை பாகுத்தன்மை, மீள்தன்மை ஆகிய இரண்டையும் ஒருங்கே கொண்டது. சாதாரண நுரை அழுத்தியவுடன் எதிர்த்து உந்தும். நினைவு நுரையோ பாகு போல மெல்ல நகர்ந்து, எடையைப் பெரிய பரப்பில் பகிர்கிறது. இதனால் தோள், இடுப்பு போன்ற இடங்களில் அழுத்தம் குறைகிறது. ஒருவர் புரள்வதால் ஏற்படும் அசைவு அருகில் படுத்திருப்பவரை அதிகம் எட்டுவதில்லை.

வெப்பநிலைக்கேற்ப இதன் மென்மை மாறுபடும். குளிரான அறையில் இறுகியும், வெப்பமான அறையில் இளகியும் காணப்படும். குளிரூட்டப்பட்ட கடையில் கெட்டியாகத் தோன்றும் மெத்தை, கோடைக்காலத்தில் வீட்டில் அதைவிட மென்மையாக இருக்கக்கூடும். மேலும், நுரை உடலை ஒட்டி அமைவதால் காற்றோட்டம் குறைந்து வெப்பம் தேங்குகிறது. வெப்ப நாடுகளில் இது முதன்மையான குறையாகும். திறந்த கண்ணறை கொண்ட நுரை, கூழ்மம் கலந்த நுரை ஆகியவை இக்குறையை ஓரளவு தணிக்கின்றன.

அடர்த்தியும் உறுதியும்

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரையின் எடை. உறுதி என்பது நுரையை அமிழ்த்தத் தேவைப்படும் விசை. இவ்விரண்டும் ஒன்றல்ல. அடர்த்தி மிக்க நுரை மென்மையாகவும், அடர்த்தி குறைந்த நுரை கெட்டியாகவும் இருக்கலாம். மெத்தை எத்தனை காலம் பள்ளம் விழாமல் உழைக்கும் என்பதைப் பெரிதும் அடர்த்தியே காட்டுகிறது. பொதுவாக மெத்தைகளில் 50 முதல் 80 கிலோகிராம் வரை அடர்த்தியுள்ள நுரை பயன்படுகிறது. இதற்குக் கீழ்ப்பட்டவை மலிவானவை, விரைவில் தளரக்கூடியவை.

மெத்தையின் மொத்த உயரமும் நினைவு நுரையின் தடிப்பும் வேறுவேறு. 20 செ.மீ. உயரமுள்ள மெத்தையில் மேலடுக்கு மட்டுமே நினைவு நுரையாக இருப்பது வழக்கம். கீழே தாங்கும் சாதாரண நுரை இருக்கும். 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 5 செ.மீ. தடிப்பும் கொண்ட நினைவு நுரை அடுக்கு, அடர்த்தி 50 எனில் 5 கிலோகிராமும், 80 எனில் 8 கிலோகிராமும் எடையிருக்கும். எனவே வாங்குபவர் மேலடுக்கின் தடிப்பு, அடர்த்தி ஆகிய இரண்டையும் தனித்தனியே கேட்டறிதல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

* ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் அமிழத்தக்க மென்மையான, தடித்த மேலடுக்கு ஏற்றது.
* மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தர உறுதி பொருந்தும்.
* குப்புறப் படுப்பவருக்கு மென்மையான மெத்தை ஏற்றதன்று. வயிற்றுப் பகுதி அமிழ்ந்து இடுப்பு வளையும்.
* எடை மிகுந்தவர் அடர்த்தி மிக்க நுரையையும் உறுதியான அடித்தளத்தையும் தேர்தல் நன்று.
* கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. நுரை உடல் வெப்பத்தை ஏற்கச் சிறிது நேரம் ஆகுமாதலால், வழக்கமான நிலையில் 10 முதல் 15 நிமிடங்கள் படுத்துப் பார்த்தல் வேண்டும்.
* முதியோர் எழுந்தும் புரண்டும் பார்த்து வாங்குதல் வேண்டும். மெல்ல மீளும் நுரையிலிருந்து எழுவது சிலருக்குக் கடினம்.

பாதுகாப்பு

கைக்குழந்தைகளை இம்மெத்தையில் உறங்க வைத்தல் கூடாது. முகம் அமிழ்ந்து மூச்சுத்திணறல் ஏற்படும் இடர் உண்டு. குழந்தைக்கு உறுதியான, சமதளமான படுக்கையையே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது.

நீண்டகாலம் படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு அழுத்தத்தைப் பகிரும் மெத்தை உதவும். ஆயினும் அது படுக்கைப் புண்ணை முற்றிலும் தடுக்காது. நோயாளியை உரிய இடைவெளியில் திருப்பிப் படுக்க வைப்பது தொடர வேண்டும்.

புதிய மெத்தையிலிருந்து எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் வாடை வரும். சில நாட்கள் காற்றோட்டமான அறையில் விரித்து வைத்தால் இது குறையும். பாலியூரித்தேன் எளிதில் தீப்பற்றக் கூடியது. அமெரிக்காவில் 2007 முதல் மெத்தைகளுக்குத் திறந்த சுடர்ச் சோதனை கட்டாயமாக உள்ளது. சில மெத்தைகளின் உள்ளுறையில் தீத்தடுப்பிற்காகக் கண்ணாடி இழை இருப்பதால், கழற்றலாம் என்ற குறிப்பு இல்லாத உறையைக் கழற்றுதல் கூடாது.

பராமரிப்பு

இலவம்பஞ்சு மெத்தையைப் போல இதனை வெயிலில் உலர்த்துதல் கூடாது. புற ஊதாக் கதிர்கள் நுரையை மஞ்சளாக்கிச் சிதைக்கும். நீரில் அலசினால் ஈரம் எளிதில் வெளியேறாது. நீர்புகா உறையிட்டுப் பயன்படுத்துவதும், தலைப்பக்கத்தையும் கால்பக்கத்தையும் அவ்வப்போது மாற்றிப் போடுவதும் போதுமானவை. கட்டிலின் சட்டங்களுக்கு இடையே அகன்ற இடைவெளி இருந்தால் நுரை அதில் தொய்ந்துவிடும். தரையில் நேரடியாக விரித்தால் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சை வளரக்கூடும்.